சித்தப்பாவின் வண்டியும் தாமிரபரணி வண்டலும்: ஒரு பின்சக்கரத்தின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சேரன்மகாதேவியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏல, பின்சக்கரத்துல கருகுன வாடை அடிக்கு. நடுவுல கையை வச்சேன், பொசுக்கிட்டு. தண்ணிய ஊத்தட்டுமா?" என்றார். ஊற்ற வேண்டாம் என்று சொன்னேன். கொதிக்கிற வார்ப்பிரும்பில் சட்டென்று தண்ணீர் பட்டால் டிரம் (சக்கரத்தின் நடுவில் பிரேக் பிடிக்கும் இரும்புக் கிண்ணம்) கோணலாம், விரிசலும் விடலாம். நிழலில் நிறுத்தி ஆறவிட்டு, லோடு ஆட்டோவில் ஏற்றிப் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். சாயங்காலம் வண்டி வந்து இறங்கியபோதும் பின்சக்கரத்தின் நடுப்பகுதியில் வெதுவெதுப்பு போகவில்லை.

அந்த ஒரு சக்கரத்தைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது. முதல் தடவை நானே தவறு செய்தேன். 2023 வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

வண்டியின் முன்கதை

வண்டி 2016-இல் வாங்கியது. 100 சிசி, கம்பிச் சக்கரம், முன்னும் பின்னும் டிரம் பிரேக், டியூப் போட்ட 18 அங்குல டயர். சித்தப்பா வாரம் ஒருமுறை கல்லிடைக்குறிச்சி போய் அப்பளம் எடுத்துவந்து திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக் கடைகளுக்குப் போடுவார். போகவர அறுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். இரண்டு மூட்டை பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் சேர்த்தால் நாற்பது கிலோதான். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

அவர் வீடு சிந்துபூந்துறையில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று உள்ளே வந்தது. சித்தப்பாவின் வண்டி முற்றத்தில் சீட்டு மட்டத்துக்கு மேலே மூழ்கி, இரண்டு நாள் தண்ணீருக்குள்ளேயே நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவில் வண்டல் களிமண் பூசினாற்போல் அப்பியிருந்தது.

பொங்கலுக்குள் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஒர்க்ஷாப்பில் இன்ஜின் ஆயிலை மூன்று முறை மாற்றினார்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கும் ஏர் ஃபில்டரும் புதிதாகப் போட்டார்கள். அந்த வாரங்களில் ஒர்க்ஷாப் வாசல்களில் வண்டிகள் தெரு நீளத்துக்கு வரிசையில் நின்றன. இன்ஜின் உயிர் பெற்றாலே போதும் என்றுதான் எல்லாரும் இருந்தோம். சக்கரத்தை யாரும் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை.

மார்ச்சில் பின் பிரேக்கில் கீச்சுச் சத்தம் கேட்டது. பெடலை மிதித்தால் மேலே திரும்பி வரத் தாமதமானது. ஒரு கடையில் பிரேக் ராடின் நட்டைத் தளர்த்திக் கொடுத்தார்கள். ஏப்ரலில் சக்கரம் ஆடுகிறது என்று கம்பிகளை முறுக்கி பெண்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் பின்சக்கரத்தில் நாலு பஞ்சர். "லோடு அதிகம் அண்ணாச்சி, டயரும் பழசு" என்று பஞ்சர் கடையில் சொன்னார்கள். நாற்பது கிலோ அப்பளம் ஒரு ஆள் எடைகூட இல்லை. அப்பளத்தால் பஞ்சர் ஆகாது என்று சித்தப்பா வாதாடியது நியாயம்தான்.

கீச்சுச் சத்தம், சக்கர ஆட்டம், பஞ்சர், சூடு என்று நாலு புகார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடை, தனித்தனி வைத்தியம். நாலுக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

முதல் முயற்சி, என் தவறு

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டேன். அரைச் சுற்றிலேயே நின்றது. சரியாக உள்ள வண்டியில் இரண்டு மூன்று சுற்றாவது ஓடும். பிரேக் பிடிக்காமலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

சக்கரத்தைக் கழற்றி பிரேக் தட்டை வெளியே எடுத்தேன். டிரம்மின் உள்சுவரில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்துகிற பிறை வடிவ ஷூ இரண்டும் கண்ணாடி போல மினுங்கின. ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் மேல்தோல் இறுகி இப்படி மினுங்கும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தது. புதிதில் நாலு இருக்கும், இரண்டு வந்தாலே மாற்ற வேண்டியதுதான்.

டிரம்முக்குள் காப்பிப் பொடி போல் ஒரு தூள். வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. முகத்தில் துணி கட்டி, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பாலிதீன் பையில் கட்டிப் போட்டேன்.

அடுத்ததில்தான் தவறினேன். ஷூவை விரிக்கிற கேம் தண்டு துருவேறி இறுகியிருந்தது. கேம் கையைத் தண்டோடு பிடித்திருக்கிற போல்ட்டும் அசையவில்லை. முறிந்துவிடும் என்று பயந்து, தட்டின் வெளிப்பக்கத்திலிருந்து துரு நீக்கும் ஸ்பிரேயை தண்டின் அடியில் நன்றாக அடித்தேன். கையை முன்னும் பின்னும் ஆட்ட, கொஞ்சம் இளகியது. போதும் என்று புது ஷூவை மாட்டிச் சக்கரத்தைப் பூட்டினேன். சோதித்துப் பார்த்தால் சக்கரம் இரண்டு சுற்று ஓடியது. சித்தப்பாவுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

மூன்றே வாரம். பின் பிரேக் சில நேரம் சுத்தமாகப் பிடிக்கவில்லை, சில நேரம் சட்டென்று கவ்வி சக்கரம் இழுத்தது. மறுபடியும் சூடு.

ஆடி மாதம் இரண்டாவது தடவை திறந்தபோது காரணம் கண்முன்னே இருந்தது. நான் அடித்த எண்ணெய் கேம் தண்டு வழியாகவே உள்ளே இறங்கி, புது லைனிங்கின் ஓரத்தை நனைத்திருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. எண்ணெய் குடித்த லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் சூடு ஏறும்போது உள்ளே ஊறியது மேலே வரும். மூன்று வாரப் புது ஷூவைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய தவறு வேறு. தேய்ந்த ஷூவை மாற்றினேனே தவிர, அது ஏன் தேய்ந்தது என்ற கேள்வியை முடிக்காமல் விட்டேன்.

கேம்

டிரம் பிரேக்கின் வேலை எளிது. பெடலை மிதித்தால் ராடு கேம் கையை இழுக்கும். தண்டு திரும்பும். அதன் தட்டையான தலை இரண்டு ஷூவுக்கும் நடுவில் குறுக்காக நிமிர்ந்து, அவற்றை விரித்து டிரம்மில் அழுத்தும். காலை எடுத்தால் திரும்பக் கொண்டுவருவது ஸ்பிரிங் மட்டும்தான். மிதிப்பதற்கு நம் உடம்பு எடை முழுவதும் இருக்கிறது. திரும்புவதற்கு இரண்டு சின்ன ஸ்பிரிங். அதனால் தண்டில் லேசாகத் துரு பிடித்தாலும் பிரேக் பிடிப்பது நன்றாகவே இருக்கும், விடுவது மட்டும் கெடும். ஓட்டுகிறவர் "பிரேக் நல்லாத்தான் பிடிக்கு" என்பார். சித்தப்பாவும் நாலு மாதம் அதையே சொன்னார்.

இந்த முறை அவசரப்படவில்லை. போல்ட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். ஷூ எதுவும் இல்லாத வெறும் தட்டு என்பதால் எதுவும் நனையும் பயமில்லை. காலையில் கழன்றது. கழற்றும் முன் தண்டிலும் கையிலும் புள்ளி அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து, மங்கியிருந்ததால் ஆணியால் ஒரு கோடு கீறிக்கொண்டேன். தண்டின் நுனியில் வெட்டிய பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கையின் கோணம் மாறிவிடும், மிதிக்கிற பலம் வீணாகும்.

தண்டை மரக்கட்டை வைத்துத் தட்டி வெளியே எடுத்தபோது அதோடு ஒரு வாடை வந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய ஆற்றுச் சேற்று வாடை. தண்டைச் சுற்றியிருக்கும் ஃபெல்ட் வளையம் கறுத்த களிமண்ணைக் குடித்து, காய்ந்த வறட்டி போல் உடைந்தது. தூசி உள்ளே போகாமல் காக்க வைத்த வளையம் அது. வெள்ளத் தண்ணீரை வடிகட்டி வண்டலைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தைத் தண்டுக்குக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. தண்டின் நடுவில் சிவந்த துரு வளையம். இரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும். அலுமினியத் தட்டின் துளைக்குள் அது உப்பி, ஆப்பு அடித்தாற்போல் இறுகியிருந்தது.

400 எண் உப்புத்தாளை நனைத்துத் தண்டை விரலுக்கு வழவழப்பாகும் வரை தேய்த்தேன். துளைக்குள் அதே தாளைச் சுருட்டி நுழைத்து நாலைந்து முறை மட்டும் திருப்பினேன். அலுமினியம் மென்மையானது, அதிகம் தேய்த்தால் துளை அகன்று தண்டு ஆடும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, புது ஃபெல்ட் வளையம் போட்டு, சூடு தாங்கும் கிரீஸை விரலில் தொட்டு மெல்லிய பூச்சாகத் தடவினேன். கேமின் தலையிலும், ஷூவின் மறுமுனை தங்குகிற எதிர்ப்பக்க முளையிலும் துளி. அவ்வளவுதான். மிஞ்சினால் அதுவும் உருகி லைனிங்குக்கே போகும்.

தேய்மானம் காட்டும் அம்பைத் தண்டின் அகலமான பள்ளத்தில் பொருத்திப் போட வேண்டும். நன்றாக மிதிக்கும்போது அந்த அம்பு தட்டிலுள்ள அடையாளத்தை எட்டினால் ஷூ முடிந்தது என்று பொருள். சக்கரத்தைக் கழற்றாமலே பார்க்கலாம். இவ்வளவு நல்ல வசதி பின்சக்கரத்தில் இருக்கிறது என்பதே வண்டி வைத்திருக்கிற பலருக்குத் தெரிவதில்லை.

புது ஷூ மாட்டும்போது கையில் காயம்படாத வழி ஒன்று உண்டு. இரண்டு ஷூவிலும் ஸ்பிரிங்கை முதலிலேயே மாட்டி, புத்தகத்தைப் பாதி மூடினதுபோல் மடித்து, ஒரு முனையை முளையிலும் மறுமுனையைக் கேமிலும் வைத்து, இரு உள்ளங்கையாலும் கீழே அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் இழுத்து மாட்டப் போனால் வழுக்கிக் கண்ணுக்கு வரும். ஸ்பிரிங்கையும் புதிதாகவே போட்டேன். பலமுறை சூடானது தளர்ந்திருக்கும், விலையும் சொற்பம்.

டிரம்மை அளந்தேன். 130 மில்லிமீட்டர் டிரம். 131 வரை போகலாம் என்று உள்ளேயே பொறித்திருக்கிறது. அரை மில்லிமீட்டர்தான் தேய்ந்திருந்தது, பயமில்லை. சக்கர பேரிங்கை விரல் விட்டுச் சுழற்றினால் கரகரத்தது. அதற்குள்ளும் வண்டல்தான். பேரிங் இழுக்கும் கருவி வீட்டில் இல்லை. சுத்தியலால் அடித்து இறக்கினால் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் கெடும். சக்கரத்தை மட்டும் ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப் போய் மாற்றி வந்தேன். ஏப்ரலில் சக்கரம் ஆடியதற்குக் காரணம் கம்பி மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது.

டியூப் காட்டிய இடம்

டயரைக் கழற்றுவதற்கு முன் வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். சுழல் திசை அம்பையும் குறித்துக்கொண்டேன். வீட்டில் பஞ்சர் பார்க்கிறவர்கள் இந்தக் கோட்டை மறக்கவே கூடாது. டியூபை வெளியே எடுத்த பின், வால்வை அந்தக் கோட்டுக்கு நேரே வைத்துப் பார்த்தால், ஓட்டை டயரின் எந்த இடத்துக்கு நேர் என்று தெரிந்துவிடும். ஆணியோ கண்ணாடித் துண்டோ டயரிலேயே தங்கியிருந்தால் அந்த இடத்தில் கிடைக்கும்.

சித்தப்பாவின் டியூபில் நாலு ஒட்டு. காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலில் மூன்று டியூபின் உள்வட்டத்தில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில் இருந்தன. சாலையில் கிடக்கிற ஆணி டயரைக் குத்தி வெளிவட்டத்தில்தான் நுழையும். உள்வட்டத்தில் ஓட்டை விழுந்தால் குற்றவாளி சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறான். ஒட்டுப் போட்டவர்கள் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்திருந்தால் முதல் பஞ்சரிலேயே இது முடிந்திருக்கும்.

ரிம்முக்குள் பார்த்தேன். கம்பி நுனிகளை மூடுகிற ரிம் ரப்பர் மக்கி இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. துரு, செதில் செதிலாக. விரலை மெதுவாக ஓட்டினேன். மூன்று இடத்தில் கம்பி நுனி, அதை ரிம்மில் பிடித்திருக்கும் திருகான நிப்பிளுக்கு மேலே நீட்டிக்கொண்டு விரலைக் கீறியது. ஏப்ரலில் பெண்டு எடுத்தபோது கம்பியை முறுக்கியிருக்கிறார்கள். முறுக்க முறுக்க நுனி உள்ளே ஏறும். டயரைக் கழற்றாமல் செய்த வேலை என்பதால் ஏறிய நுனியை யாரும் பார்க்கவில்லை. ரப்பர் நல்லதாக இருந்திருந்தால் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். அதுவும் வெள்ளத்தில் ஊறி, காய்ந்து, மக்கிப்போயிருந்தது.

தட்டையான அரத்தால் மூன்று நுனிகளையும் நிப்பிளோடு சமமாக ராவினேன். துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, ஒரு பகல் காயவிட்டு, புது ரிம் ரப்பர் போட்டேன். இருபது ரூபாய் சொச்சத்துப் பொருள்.

டயரை என்ன செய்வது என்று யோசித்தேன். பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கம் 3618. அதாவது 2018-இன் 36-வது வாரத்தில் செய்தது. ஆறு வயது ஆகப்போகிறது. சரிவுப் பக்கத்தில் மெல்லிய வெடிப்புகள். மேல் பட்டனின் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளின்) ஆழத்தைப் பார்க்க, பக்கவாட்டில் சின்ன முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. (டயர் தேய்மானக் குறி) என்ற எழுத்து இருக்கும் இடத்துக்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு திட்டு தெரியும். பட்டன் அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. இதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெடிப்புக்காகவே மாற்றினேன். அந்த ஒரு விஷயத்தில் பஞ்சர் கடைக்காரர் சொன்னது சரி.

புது டியூபுக்கு வடிவம் வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வைத்தால் லீவரில் சிக்கிக் கிழியாது. டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, கடைசி ஒரு சாண் நீளத்தை வால்வுப் பக்கத்தில் முடித்தேன். எதிர்ப்பக்கம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கி இருந்தால்தான் கடைசிச் சாண் கையாலேயே ஏறும். காற்றடித்த பிறகு ரிம் ஓரத்துக் கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மறைந்தால் டயர் அங்கே சரியாக உட்காரவில்லை.

காற்று விஷயத்தில் சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம். பங்க்கில் "நாப்பது அடிங்க" என்பார். இந்த வண்டியின் ஸ்டிக்கரில் தனியாள் ஓட்டினால் பின்னால் 28, முன்னால் 25 என்று இருக்கிறது. பின்னால் ஆளோ பாரமோ இருந்தால் கூட்ட வேண்டும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான அளவு. அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நம் வெயிலில் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

பூட்டுதலும் சோதனையும்

சக்கரத்தைப் பூட்டும்போது வரிசை முக்கியம். முதலில் செயின் தளர்வு, இரண்டு பக்கத்து அடையாளக் கோடும் சமம், அப்புறம் ஆக்ஸில் நட்டு, கடைசியில்தான் பிரேக். செயினைச் சரிசெய்ய சக்கரத்தை நகர்த்தினால் பிரேக் ராடின் அளவும் மாறும் என்பதால், மாற்றிச் செய்தால் பிரேக் தானாகவே இறுகிவிடும். பிரேக் தட்டைச் சுழலவிடாமல் பிடிக்கிற ராடையும் அதன் பின்னையும் மறந்துவிடக் கூடாது. அது இல்லாமல் பிரேக் பிடித்தால் தட்டே சக்கரத்தோடு சுற்றும். பின்னை மாட்டிவிட்டு சித்தப்பாவையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேர் கண் பட்டால் நல்லது. பெடலில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வெறும் ஆட்டம் விட்டேன்.

சக்கரம் இப்போது நாலு சுற்று ஓடியது. சமாதானபுரம், கே.டி.சி. நகர் வழியாகப் பத்து கிலோமீட்டர், புது ஷூ படியும்படி லேசாகப் பலமுறை பிடித்து ஓட்டிவிட்டு வந்து புறங்கையை ஹப் அருகில் வைத்தேன். முன்னும் பின்னும் ஒரே இளஞ்சூடு. அதற்குப் பிறகுதான் கல்லிடைக்குறிச்சிக்கு அனுப்பினேன்.

முன்சக்கரத்தையும் அதே வாரம் திறந்தோம். கேமில் துரு தொடங்கியிருந்தது, இறுகவில்லை. கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்ததால் புதிது போட்டோம்.

அதே முற்றத்தில் மூழ்கிய இன்னொரு வண்டி சித்தப்பா மகளுடையது. அதில் முன்னால் டிஸ்க் பிரேக், ஆயில் அழுத்தத்தால் பிடிப்பது. பிரேக் ஆயில் கிண்ணத்தின் கண்ணாடியில் கருப்பட்டிக் காப்பி நிறம் தெரிந்தது. டாட் 4 தரத்துப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. புதிதில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் சேர்ந்த நிலையில் அந்த அளவு 155 தான். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் உள்ளே ஆவிக்குமிழ் வந்து லீவர் கைப்பிடி வரை வெறுமனே இறங்கிவிடும். வெள்ளம் வராத வண்டிக்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டேங்க்கில் துணி போர்த்திவிட்டு மாற்றினோம். ஒரு துளி பெயின்ட்டில் பட்டாலும் அரித்துவிடும், உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். டிஸ்க்கை இரு பக்கமும் பேட் வைத்துக் கவ்வுகிற காலிப்பர் நகரும் பின்களில் ஒன்று துருவால் ஒட்டியிருந்தது. ஒரு பேட் முழுதாகவும் மற்றது பாதியாகவும் தேய்ந்திருந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வண்டி ஓடியது. தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவைக்கச் சித்தப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். 2025 பொங்கலுக்கு முன்னால் மறுபடி திறந்து பார்த்தேன். தண்டில் கிரீஸ் அப்படியே இருந்தது, ஃபெல்ட் வளையம் காய்ந்து சுத்தமாக இருந்தது, கேம் கை ஒரு விரலுக்குத் திரும்பியது. ஆகஸ்ட்டுக்குப் பிறகு ஒரு பஞ்சர். வெளிவட்டத்தில், செருப்பு ஆணி.

அன்றைக்கு வாசலில் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஆச்சி, "எங்க ஸ்கூட்டரும் அந்தத் தண்ணியில கெடந்ததுதானய்யா, அதையும் ஒருக்கப் பாரேன்" என்றார்கள். பின்சக்கரத்தைச் சுழற்றினேன். முக்கால் சுற்றில் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். கேம் தண்டைத் தட்டி எடுத்ததும் அதே சேற்று வாடை.